புயல் காற்றுக்கு எந்த வாசல் கதவு நிற்கும்? ஃபைபர்கிளாஸ், ஸ்டீல், மரம், கண்ணாடி: ஓர் அலசல்

வாசல் கதவு வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்வது பலகையைத் தட்டிப் பார்ப்பது. கனமாகச் சத்தம் வந்தால் நல்ல கதவு என்று முடிவாகிவிடுகிறது. புயலைப் பொறுத்தவரை அந்தச் சத்தம் சொல்வது மிகக் குறைவு. காற்றில் பெயர்ந்த கதவுகளில் பலகை பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். பிய்ந்திருப்பது கீல் திருகாக இருக்கும், பூட்டு நாக்கு நுழையும் தகடாக இருக்கும், அல்லது நிலையே சுவரிலிருந்து மொத்தமாகக் கழன்றிருக்கும். அதனால் இங்கே கதவு என்று சொல்வது பலகை, நிலை, கீல், பூட்டு, வாசற்படி, இடைவெளியை அடைக்கும் ரப்பர் பீடிங், சுவருக்குள் இறங்கும் ஆங்கர் எல்லாம் சேர்ந்த ஒரே பொருளை. பலகையை மட்டும் தனியாக விற்றுவிட்டு அதற்குப் ‘புயல் கதவு’ என்று பெயர் வைத்தால், அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நாங்கள் ஏற்பதில்லை.

முதலில் கதவின் மேல் விழும் சுமையைப் பார்த்துவிடலாம். 0.9 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள சாதாரண ஒற்றைக் கதவின் மேல், மணிக்கு 100 கி.மீ. காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். காற்று 200 கி.மீ. ஆனால் அது 180 கிலோ ஆகாது, 365 கிலோவைத் தொடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். இதுவும் ஒரே சீராக விழும் சுமை இல்லை. காற்று விட்டு விட்டு அடிக்கிறது, ஒரு நொடி உள்ளே தள்ளுகிறது, அடுத்த நொடி வெளியே உறிஞ்சுகிறது. திருகுகள் தளர்வது இந்த ஆட்டத்தில்தான். கதவு போய்விட்டால் சேதம் வாசலோடு நிற்பதும் இல்லை. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். அதே நேரம் கூரையின் மேல் ஓடும் காற்று அதை மேலே இழுக்கும். இரண்டும் சேரும்போது கூரை பெயர்கிறது.

எனவே விளம்பர அட்டையில் ‘250 கி.மீ. காற்றையும் தாங்கும்’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வடிவமைப்பு அழுத்தம் (டிசைன் பிரஷர்), சுருக்கமாக டி.பி. எண். டி.பி. 50 என்றால் சதுர அடிக்கு 50 பவுண்ட், அதாவது சுமார் 2,400 பாஸ்கல். அந்தக் கதவைச் சோதனைக்கூடத்தில் அதைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். உள்நோக்கிய அழுத்தம், வெளிநோக்கிய அழுத்தம் என்று கூட்டல் கழித்தல் குறியோடு இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் படியுங்கள். வீட்டின் மூலையை ஒட்டிய வாசலில் வெளிநோக்கிய உறிஞ்சல்தான் பெரும்பாலும் அதிகம். உங்கள் சுவருக்கு எந்த எண் தேவை என்பது ஊரின் காற்று வேகம், கட்டட உயரம், சுற்றுப்புறத்தின் திறந்தவெளி, சுவரில் வாசல் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் எளிதில் கணக்கிட்டுத் தருவார்.

பறந்து வரும் பொருள்கள் தாக்கினால் என்ன ஆகும் என்பது தனிச் சோதனை. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் இ 1886, இ 1996 என்ற இரண்டு தரநிலைகளும் இதற்கானவை. வீட்டுக் கதவுகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் சோதனையில் சுமார் 4.1 கிலோ மரச்சட்டத்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கதவின் மேல் எய்கிறார்கள். அதோடு முடிவதில்லை. அடிபட்ட அதே கதவை உள்ளும் வெளியுமாக மொத்தம் 9,000 முறை அழுத்தி விடுவிக்கிறார்கள். அடியைத் தாங்கிய கதவுகூட இந்த ஆட்டத்தில் கிழியலாம். சான்றிதழில் இந்த இரண்டாம் பகுதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். 1992இல் ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு ஃப்ளோரிடாவின் மயாமி-டேட் பகுதி இதைவிடக் கறாரான விதிகளைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதியின் ஒப்புதல் எண் உள்ள கதவை, டி.பி. எண்ணும் உங்கள் சுவருக்குப் போதுமானால், வேறெங்கும் தயங்காமல் வாங்கலாம். சுழல்காற்றுப் புகலிட அறைகளுக்கான கதவுகள் வேறு இனம்; அவற்றை 6.8 கிலோ சட்டத்தால் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் அடித்துச் சோதிக்கிறார்கள். சாதாரண வாசலுக்கு அவ்வளவு தேவைப்படாது.

இனி பொருள்கள். கடற்காற்று வீசும் இடத்தில் எங்கள் முதல் தேர்வு ஃபைபர்கிளாஸ். துருப்பிடிக்காது, மழையில் ஊதாது, வெயிலில் மரம்போல் முறுக்கிக்கொள்ளாது. உள்ளே பாலியூரிதேன் நுரை, சுற்றிலும் ஒரு சட்டம், இரு முகத்திலும் ஃபைபர்கிளாஸ் தோல் என்பதுதான் அமைப்பு. வலு முழுவதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விலை குறைந்த மாடல்களில் அது சாதாரண மரம். கீழ்விளிம்பில் நீர் ஏறினால் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். அடிவிளிம்பாவது காம்போசிட் (உளுக்காத கலப்புப் பொருள்) சட்டமாக உள்ளதை எடுங்கள். நுரையில் திருகு பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம். பூட்டுக்கும் கீலுக்கும் உள்ளே கட்டை வைத்த இடம் எது என்று கேட்டு, அங்கே மட்டும் துளையிடுங்கள். பிறகு எட்டிப் பார்க்கும் துளைக்கோ கூடுதல் தாழ்ப்பாளுக்கோ குடைந்தால் அந்தக் கதவு சோதிக்கப்பட்ட கதவாக இருக்காது. மேற்கு வெயில் விழும் வாசலுக்குக் கறுப்பு, அடர்பழுப்பு நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. சூடேறிப் பலகை வளைந்தால் பீடிங்கில் இடைவெளி விழும்.

ஸ்டீல் கதவு கொடுக்கும் பணத்துக்கு அதிக வலு தரும். ஆனால் தகட்டின் தடிமனில்தான் ஏமாற்றம் நடக்கிறது. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 24 கேஜ் என்பது சுமார் 0.6 மி.மீ.; தேங்காய் விழுந்தாலே பள்ளமாகும். 20 கேஜ் 0.9 மி.மீ. அளவு, அதைவிட மெல்லிய தகடு வேண்டாம். உள்ளே தேன்கூட்டு அட்டை உள்ளதைவிட நுரையோ ஸ்டீல் பட்டைகளோ உள்ளது மேல், ஏனென்றால் அட்டை நனைந்தால் தொய்ந்துவிடும். துரு எப்போதும் வெட்டிய விளிம்பிலும் துளை ஓரத்திலும் அடிச்சட்டத்திலும் தொடங்குகிறது. துத்தநாகப் பூச்சுள்ள தகடாக இருந்தாலும், பூட்டுக்காகத் துளையிட்ட கையோடு துத்தநாக பிரைமர் அடிக்காவிட்டால் உப்புக்காற்று அங்கிருந்துதான் உள்ளே போகும்.

நல்ல மரக் கதவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 40 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள முதிர்ந்த கட்டிமரம், சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஆழமாகச் செருகிய இணைப்பு, இவை இருந்தால் காற்றழுத்தத்தைக் கண்ணியமாகத் தாங்கும். அதன் பலவீனம் நடுவில் உள்ள மெல்லிய பேனல்களில் இருக்கிறது. சட்டத்துக்குள் நுழையும் விளிம்பில் பேனலை இன்னும் மெல்லியதாகச் சீவியிருப்பார்கள். அடி விழுந்தால் அங்கேதான் பிளக்கும். அதோடு தச்சர் செய்யும் கதவுக்குச் சோதனை எண் இருக்காது. உள்ளே வெற்றிடமுள்ள ஃப்ளஷ் டோரை வெளிவாசலில் மாட்டவே கூடாது. எஃகு வலுவூட்டல் இல்லாத யு.பி.வி.சி. கதவும் அப்படித்தான்.

கண்ணாடி வேண்டுமென்றால், இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி மட்டுமே. டஃபண்ட் கண்ணாடி ‘பலமானது’ என்று விற்கப்படுகிறது. கைக்குக் காயம் தராமல் சிறு துண்டுகளாக உடைவதுதான் அதன் குணம். உடைந்ததும் முழுக் கண்ணாடியும் கொட்டி, காற்றுக்கு வழி திறந்துவிடும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள படலம் அதைப் பிடித்து நிறுத்தும். புயலுக்கான கண்ணாடியில் அந்தப் படலம் பெரும்பாலும் 1.52 அல்லது 2.28 மி.மீ. இருக்கும். கண்ணாடியின் விளிம்பு சிலிக்கானால் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த கண்ணாடி படலத்தோடு சேர்ந்தே கழன்று வரும். ஏற்கெனவே உள்ள கண்ணாடியின் மேல் ஒட்டும் பிலிம் இதற்கு மாற்றாகாது. பக்கவாட்டில் நிற்கும் கண்ணாடிப் பட்டைக்கும் இதே விதிதான். கதவை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விடுவது பயனற்ற செலவு.

எந்தப் பக்கம் திறப்பது? இடம் இருந்தால் வெளிப்பக்கம். வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் காற்று தள்ளும்போது பலகை நிலையின் காடியில் (கதவு பதியும் பள்ளத்தில்) அழுந்தி உட்காரும், பீடிங் இன்னும் இறுகும், உள்ளே வரும் மழைநீர் குறையும். உள்பக்கம் திறக்கும் கதவில் அதே அழுத்தம் முழுவதும் பூட்டு நாக்கின் மேலும் கீலின் மேலும் விழுகிறது. வெளிப்பக்கம் திறப்பதில் இரண்டு தொல்லைகள் உண்டு. கீல் பின் வெளியே தெரிவதால், கழற்ற முடியாத பின் உள்ள பாதுகாப்புக் கீல் போட வேண்டும். மரமோ குப்பையோ விழுந்து வாசலை அடைத்தால் திறக்க முடியாது என்பதால் வேறொரு வழி வீட்டில் இருக்க வேண்டும். காற்று அடிக்கும்போது அதைத் திறக்கவும் கூடாது. கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விடும்.

கீல் குறைந்தது மூன்று. ஒவ்வொரு கீலிலும், பூட்டு நாக்கு நுழையும் தகட்டிலும் 75 மி.மீ. நீளத் திருகு போடுங்கள். அது நிலையையும் தாண்டிப் பின்னால் உள்ள கட்டுமானத்தில் பிடிக்க வேண்டும். பெட்டியோடு வரும் 20 மி.மீ. திருகு நிலையின் மரத்தை மட்டுமே கவ்வும். டெட்போல்ட் (சாவியோ குமிழோ திருப்பினால்தான் நகரும் பூட்டு) நாக்கு 25 மி.மீ.யாவது வெளியே நீள வேண்டும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பூட்டும் மல்டி பாயிண்ட் லாக் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் பூட்டிய கதவின் மேல், கீழ் மூலைகள் காற்றில் வளைந்து, அந்த இடைவெளியில் நீர் பீய்ச்சும். இரட்டைக் கதவு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வேண்டியே தீருமானால், திறக்காத பக்கத்தின் மேல், கீழ்த் தாழ்ப்பாள்கள் லிண்டலுக்குள்ளும் தரைக்குள்ளும் 25 மி.மீ.க்குக் குறையாமல் இறங்கட்டும். அரை அங்குலத் திருகில் தொங்கும் சின்னத் தாழ்ப்பாளை நம்ப முடியாது.

அதிகம் கெட்டுப்போவது பொருத்தும் வேலைதான். நிலையைச் சுவரோடு பிணைக்கும் முதல் ஆங்கர் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 150 மி.மீ.க்குள் இருக்கட்டும், இடையில் உள்ளவை தயாரிப்பாளரின் வரைபடம் சொல்லும் தூரத்தில். அந்த வரைபடம் இல்லாமல் டி.பி. எண்ணுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் சோதனைக்கூடத்தில் அந்த ஆங்கர்களோடுதான் கதவு தேறியது. ஆங்கரின் ஆழத்தைக் கணக்கிடும்போது சுவர்ப் பூச்சைச் சேர்க்கக் கூடாது. 20 மி.மீ. பூச்சில் 50 மி.மீ. திருகு போட்டால் செங்கல்லில் இருப்பது 30தான், அதிலும் நிலையின் தடிமன் போகும். சுவர் விளிம்புக்கு 60 மி.மீ.க்கும் நெருக்கமாகத் துளையிட்டால் விளிம்பு வெடித்துக் கையோடு வரும். ஹாலோ பிளாக் சுவரில் வாசலை ஒட்டிய குழிகளை முதலிலேயே கான்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள். பிறகு செய்வது கடினம். ஆங்கர் இறுக்கும் இடத்திலெல்லாம், கீல்களுக்கும் பூட்டுக்கும் பின்னாலும், நிலைக்கும் சுவருக்கும் நடுவே கெட்டியான ஆப்பு வேண்டும். ஆப்பில்லாமல் இறுக்கினால் நிலை வளைகிறது, கதவு உரசுகிறது, உரசும் கதவை இழைத்துச் சரிசெய்கிறார்கள், பீடிங் தொடாத இடைவெளி நிரந்தரமாகிறது. ஸ்ப்ரே ஃபோம் காற்றை அடைக்க மட்டும். அதை அடித்துவிட்டு ஆங்கரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வாசற்படியைச் சொல்லாமல் விட முடியாது. புயல் மழை பக்கவாட்டில் மட்டுமல்ல, சுவரில் மோதி மேல்நோக்கியும் ஓடுகிறது. படிக்கு அடியில் வெளிப்பக்கம் சாய்ந்த தட்டு, இரு முனையிலும் நிமிர்ந்த மடிப்போடு, இருந்தால் உள்ளே வந்த நீரும் வெளியே வடியும். படிக்கும் தரைக்கும் இடையே வெறும் சிலிக்கானை மட்டும் இழுத்துவிடுவது பரவலாக நடக்கிறது. அது சில ஆண்டுகளில் பிரியும். பீடிங் இ.பி.டி.எம். என்ற, வெயில் மழையைத் தாங்கும் செயற்கை ரப்பராக இருக்கட்டும். பொருத்தி முடித்ததும் ஒரு தாளை நான்கு பக்கமும் மாறி மாறி வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எங்கே எளிதாக உருவி வருகிறதோ அங்கே பீடிங் அழுந்தவில்லை. பிறகு அடியிலிருந்து மேலாக, சில நிமிடம் குழாய் நீர் அடித்து உள்ளே ஆள் நிறுத்திப் பார்க்க வேண்டும். பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் இவ்விரண்டையும் செய்யுங்கள்.

முழுக் கதவையும் மாற்ற இயலாதவர்கள் இருக்கும் கதவிலேயே நீளத் திருகுகளை மாற்றி, மூன்றாவது கீல் சேர்த்து, 25 மி.மீ. நாக்குள்ள டெட்போல்ட் பொருத்தலாம். அரை நாள் வேலை. நிலை சுவரில் கெட்டியாக இருந்தால் இதிலேயே பெரிய மாற்றம் தெரியும்; நிலையைக் கையால் அசைத்தால் ஆடுகிறதென்றால் ஆங்கரைச் சரிசெய்யாமல் மற்றவற்றில் கை வைக்க வேண்டாம். கடற்கரையில் திருகு, கீல், பூட்டுத் தகடு மூன்றும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 அங்கே காலப்போக்கில் பழுப்புப் புள்ளி விடும், பித்தளை முலாம் அதற்கும் முன்னாலேயே போய்விடும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்துக்கு முன்பு, கீல்களை நல்ல நீரால் துடைத்து, திருகுகளை மீண்டும் இறுக்கி, கெட்டித்துப்போன பீடிங்கை மாற்றுங்கள். இறுக்கும்போது திருகு சும்மா சுற்றினால் அந்தத் துளை ஏற்கெனவே விட்டுப்போய்விட்டது. அங்கே இன்னும் நீளமான திருகு போட வேண்டும்.