மக்கள் வானொலியும் ரியாஸும்

1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் நாஜி அரசு அறிமுகப்படுத்திய ‘மக்கள் வானொலி’ப் பெட்டி, 76 மார்க் விலையில், ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கும் 301 என்ற எண்ணைத் தாங்கி வீடுகளுக்குள் நுழைந்தது. போர் தொடங்கியதும், அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம் என்று எச்சரிக்கும் சிறிய அட்டை அதன் அலைவரிசைத் திருகுகுமிழில் தொங்கியது.

1946-இல் அமெரிக்கர்கள் தொலைபேசிக் கம்பிகளின் வழியே மேற்கு பெர்லினில் தொடங்கிய ரியாஸ் (அமெரிக்கப் பகுதியின் வானொலி) என்ற நிலையமும் அரசியல் கருவிதான். ஆயினும் என் மதிப்பு இதன் பக்கமே, ஏனெனில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனி இரைச்சல் அலைகளால் மறித்தபோதும் அந்நாட்டு மக்கள் தாமே இதைத் தேடிக் கேட்டார்கள். 1953 ஜூன் 16 அன்று கிழக்கு பெர்லின் கட்டடத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை வாசித்த ரியாஸ், பொது வேலைநிறுத்த அழைப்பை அவர்கள் கேட்டபடி ஒலிபரப்ப மறுத்தது. மறுநாள் கிழக்கு ஜெர்மனியின் நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள்.