எச்.ஓ.டி. அறையா, குறைதீர் குழுவா, திங்கள்கிழமை மனுவா?

திருப்பத்தூரிலோ அரக்கோணத்திலோ படிக்கிற பிள்ளைக்கு ரிசல்ட்டில் சிக்கல் வந்தால், முதலில் தோன்றுவது பல்கலை இருக்கிற சேர்க்காட்டுக்கு பஸ் ஏறுவதுதான். ஆனால் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் போன்ற இணைவுப் பல்கலையில் தேர்வு சம்பந்தப்பட்ட கடிதம் பொதுவாகக் கல்லூரி முதல்வர் வழியாகத்தான் போக வேண்டும். முதல்வரின் முகப்புக் கடிதம் இல்லாமல் போனால் ஒரு நாள் வீண். சரி, எந்த வழி எதற்கு உதவும்?

மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்), எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) வழிதான் எல்லாவற்றிலும் வேகமானது. வருகைக் குறைவு, இன்டர்னல் மார்க், பிராக்டிகல் பேட்ச் மாற்றம் எல்லாம் பெரும்பாலும் இங்கேயே முடியும். இன்டர்னல் மார்க்கை மட்டும் பல்கலைக்கு ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏற்றிய பிறகு திருத்தம் கேட்டுக் கல்லூரியே எழுத வேண்டியிருக்கும், இழுத்துக்கொண்டே போகும். இதில் ஒரே குறை, வாய்வார்த்தை. "சொன்னேனே சார்" என்பதற்குத் தேதி கிடையாது.

செமஸ்டர் கடைசியில் நிரப்பச் சொல்கிற ஃபீட்பேக் படிவம் புகார் வழியே அல்ல. அது கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்குப் போய், தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்பில் சேரும். பலன் வந்தால் அடுத்த பேட்சுக்கு. பத்துப் பேர் இருக்கிற முதுகலை வகுப்பில் பெயர் போடாவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

நாம் முதலிடம் தருவது மாணவர் குறைதீர் குழுவுக்கு. யூ.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். குழுவில் ஒரு பெண்ணாவது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தருவது முறை. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலையின் ஓம்பட்ஸ்பர்சனிடம் (குறைதீர் அதிகாரி) மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். கட்டணம் கட்டவில்லை என்று டி.சி., மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்தால் இதுதான் சரியான இடம். வெறுமனே "மார்க் குறைவு, மறுமதிப்பீடு வேண்டும்" என்றால் ஓம்பட்ஸ்பர்சன் எடுக்க மாட்டார். குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்ட வேண்டும்.

மனு தோற்பது பெரும்பாலும் எழுதுகிற விதத்தில். தேர்வு எழுதியும் 'ஆப்சென்ட்' என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். பதிவெண், பேப்பர் கோடு, தேர்வு தேதி, காலையா மாலையா, ஹால் எண், விடைத்தாள் எண், வருகைத் தாளில் கையெழுத்திட்ட விவரம், இவ்வளவும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். ஹால் டிக்கெட் நகலைப் பின் போட்டு இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். குழுவின் 15 வேலை நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வயிற்றெரிச்சலை நாலு பக்கம் எழுதினால் படிப்பவர் கண்ணில் பேப்பர் கோடு படாது.

திங்கள்கிழமை உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் மனுவும், முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணும் அரசுத் துறை சங்கதிகளுக்கு நல்லவை: வராத ஸ்காலர்ஷிப், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை அல்லது ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி, சாதிச் சான்று. மதிப்பெண் விவகாரத்தை அங்கே கொண்டுபோனால், மனு சுற்றி வந்து அதே கல்லூரி மேசையில்தான் விழும்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) கடைசி ஆயுதம், ஆனால் கூர்மையானது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், "நகல் தருக" என்று கேளுங்கள். தன் விடைத்தாளை மாணவர் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதற்காக ஆர்.டி.ஐ.யை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பதில் வருவதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

ராகிங், பாலியல் தொல்லை இரண்டும் இந்த வரிசையிலேயே சேராது. ராகிங்குக்கு 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும். பாலியல் தொல்லைக்குக் கல்லூரியின் உள் புகார்க் குழுவான ஐ.சி.சி.; சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.