பிளஸ் டூவில் சுமார், ஜே.இ.இ.யில் கெட்டி: எந்த வழி?

என் அண்ணன் மகன் விடையைச் சரியாக எழுதுவான். நடுவே நான்கு வரிகளை விழுங்கிவிடுவான். அதனால் பிளஸ் டூவில் மதிப்பெண் குறையும்; விடையை மட்டும் பார்க்கும் ஜே.இ.இ.யில் (தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வு) குறையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

எதைப் பார்க்கிறார்கள்?
தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு: பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.
என்.ஐ.டி. (மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள்): ஜே.இ.இ. மெயின் தரவரிசை. ஆனால் பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் இடம் வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சறுக்கினால்?
கலந்தாய்வு: ஜே.இ.இ. மதிப்பெண் கைகொடுக்காது.
ஜே.இ.இ. மெயின்: ஜனவரி, ஏப்ரல் என இரண்டு வாய்ப்புகள், சிறந்ததே கணக்கில் வரும்.

75ஐத் தாண்டும் பிள்ளைக்கு என் தேர்வு ஜே.இ.இ. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே. 75க்கு அருகில் தடுமாறினால், இன்றே வேதியியல் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.