பழைய கணினி ஓவியங்களுக்கு ரிகாயிலும் கிம்பும்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

டொரண்டோவில் வளர்ந்த என் பெரியம்மா மகன் பள்ளி நாட்களில் முதலில் காமடோர் 64 கணினியிலும், பிறகு அமிகா 500 கணினியிலும் வரைந்த நாற்பது ஓவியங்கள் அண்மையில் கோப்புகளாக என் கைக்கு வந்து சேர்ந்தன. ஃபிளாப்பிகளைப் படித்தெடுக்கும் வேலையை அண்ணன் அங்கேயே முடித்துவிட்டார். அவற்றைத் திறந்து, இன்றைய திரையிலும் தாளிலும் பார்க்கத் தக்கதாக ஆக்கித் தருவதுதான் என் பொறுப்பு. அதற்கு நான் நம்பியவை, பழைய கோப்புகளைத் திறக்கும் ரிகாயில், படங்களைத் திருத்தும் கிம்ப் ஆகிய இரண்டு மென்பொருள்கள். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம்.

ரிகாயிலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்காது. பழைய வீட்டுக் கணினிகளின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பட வடிவங்களை அது படிக்கிறது. காமடோர் 64-இல் கோலா பெயின்டர் என்ற ஓவிய மென்பொருள் சேமித்த கோப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு எப்போதும் 10,003 பைட்: முகவரிக்கு 2, புள்ளிகளுக்கு 8,000, வண்ணங்களுக்கு இரு பகுதிகளாக 2,000, பின்னணி நிறத்துக்கு 1. 'நான் ஒரு படம்' என்று தெரிவிக்கும் தலைப்பு எதுவும் அதற்குள் கிடையாது. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் வகைக்குறிப்பான நீட்சியையும் அளவையும் கொண்டே ரிகாயில் அதை அடையாளம் காண்கிறது. எனவே நீட்சி தொலைந்துபோயிருந்த நான்கு கோப்புகளுக்கு நானே பெயரைத் திருத்தித் தர வேண்டியிருந்தது. திருத்தியதும் நான்கும் திறந்தன. 160 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் கொண்ட அந்தப் படங்களில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தில் இரு மடங்காக இருக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. 320-க்கு 200 என்று சரியாகவே விரித்துக் கொடுக்கிறது.

இத்தகைய வசதி எவ்வளவு அரியது என்பதற்கு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் படங்களே சான்று. 1985-இல் நியூயார்க்கில் நடந்த அமிகா அறிமுக விழா மேடையில் பாடகி டெபி ஹாரியைக் கணினியில் வரைந்து காட்டியவர் அவர். அவர் அமிகாவில் வரைந்த வேறு சில படங்கள் பிட்ஸ்பர்கில் உள்ள அவரது அருங்காட்சியகத்தின் ஃபிளாப்பிகளிலேயே கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014-இல்தான் வெளியாயிற்று. வட்டுகளைப் படித்த பிறகும், எந்த மென்பொருளும் அறியாத வடிவத்தில் படங்கள் இருந்ததால், அந்த வடிவத்தையே அவர்கள் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அண்ணனின் அமிகா படங்கள் டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில் வரையப்பட்டவை. பரவலாகப் புழங்கிய வடிவம் என்பதால் திறப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் நிறத்தில் வந்தது. ரிகாயிலுக்கு முன் நான் முயன்ற வேறொரு மாற்றி எல்லாப் படங்களையும் சற்று மங்கலாகக் கொடுத்தது. பனி மூடிய ரயில் நிலையம் ஒன்றின் படத்தில் வெள்ளை வெள்ளையாக இல்லை. இன்றைய கணினிகளில் நிறத்தின் அளவு 0 முதல் 255 வரை. அளந்து பார்த்தால், வெள்ளைக்கு 255 இருக்க வேண்டிய இடத்தில் 240 இருந்தது. அமிகா 500-இல் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை பதினாறு அளவுகளே உண்டு. அவற்றை இன்றைய அளவுக்குக் கொண்டுவர 17-ஆல் பெருக்க வேண்டும். அந்த மாற்றி 16-ஆல் பெருக்கியிருந்தது. ரிகாயில் இதைச் சரியாகச் செய்கிறது. ஏற்கெனவே மங்கலாக மாற்றி வைத்திருப்பவர்கள் கிம்பில் 'லெவல்ஸ்' கருவியைத் திறந்து, உள்ளீட்டின் வெள்ளை எல்லையை 255-இலிருந்து 240-க்குக் குறைத்தால் போதும். ஒவ்வொரு நிறமும் பழைய இடத்துக்கே துல்லியமாகத் திரும்பிவிடும்.

கிம்பிடம் கேட்டது எல்லாம் கிடைக்கிறது, ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். அதன் இயல்பு அமைப்புகள் புகைப்படத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. படத்தைப் பெரிதாக்கச் சொன்னால் அண்டைப் புள்ளிகளைக் கலந்து மென்மையாக்குகிறது. ஒவ்வொரு புள்ளியையும் யோசித்து வைத்த ஒரு சிறுவனின் உழைப்பு அந்த ஒரே சொடுக்கில் குழைந்துபோகிறது. அளவு மாற்றும் பெட்டியில் 'இன்டர்போலேஷன்' என்பதை 'நன்' என்று மாற்றுவது கட்டாயம். அடுத்தது விகிதம். வட அமெரிக்க அமிகாவின் 320-க்கு 200 படம் 4:3 திரையை நிரப்பியது. அதாவது அதன் புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்று நெட்டையானவை. அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600-க்கு 1200 கிடைக்கும். விகிதமும் சரியாகும், எந்தப் புள்ளியும் சிதையாது. அப்படிச் செய்யாதபோது, அண்ணன் வரைந்த கலங்கரை விளக்கத்தின் வட்ட விளக்கு, மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாகத் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கிம்பின் வண்ணப் பட்டியல். படத்தை 'இன்டெக்ஸ்டு' முறைக்கு மாற்றியதும் அதன் முப்பத்திரண்டு நிறங்களும் சிறு கட்டங்களாக வரிசையில் நிற்கின்றன. ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றினால், அந்த நிறம் கொண்ட புள்ளிகள் படம் முழுவதும் ஒருசேர மாறுகின்றன. டீலக்ஸ் பெயின்டில் வேலை செய்தவர்களுக்கு இந்த முறை பழகியதாகவே இருக்கும். அண்ணன் விரும்பிய ஒரே திருத்தம், மாலை வானத்தின் ஓர் ஊதாவைச் சற்று ஆழமாக்குவது. தூரிகையைத் தொடாமலே அது முடிந்தது. ஒரு படத்தை மட்டும் இம்முறைக்குக் கொண்டுவரக் கூடாது. அது, ஒரு புள்ளி தன் இடப்பக்கத்துப் புள்ளியின் நிறத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு 4096 நிறங்களையும் எட்டும் 'ஹாம்' முறையில் வரைந்த கிளிப் படம். கிம்பின் பட்டியல் 256 நிறங்களோடு நின்றுவிடுவதால், கிளியின் கழுத்தில் இருந்த நுண்ணிய நிறமாற்றங்கள் அதில் பட்டைப் பட்டையாகிவிட்டன. அதை முழு வண்ணத்திலேயே விட்டுவிட்டேன்.

அச்சுக்காக அகலத்தை 10 மடங்கும் உயரத்தை 12 மடங்கும் பெருக்கினேன். 3200-க்கு 2400 புள்ளிகள் கொண்ட படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ பத்தரை அங்குல அகலத்துக்கு வந்தது. புள்ளிகளின் விளிம்புகள் தாளில் கத்தியால் வெட்டியது போல இருந்தன. அன்றைய குழாய்த் திரையில் அவை இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. இரு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கி மூன்றாவது நிறத்தைத் தோற்றுவித்த இடங்களில் அன்றைய ஓவியர்கள் திரையில் நிறம் கசிவதையும் கணக்கில் கொண்டே வரைந்திருக்கிறார்கள். அந்தத் திரையின் தோற்றத்துக்காக, கிம்பில் ஒரு தனி அடுக்கில் மெல்லிய கிடைக்கோடுகளை இட்டு, அடியிலுள்ள நிறத்தை இருட்டாக்கும் 'மல்டிப்ளை' முறையில் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். திரையில் பார்க்க அது நன்றாக இருக்கிறது, அச்சில் இருட்டிப்போகிறது. அச்சுக்குக் கூர்மையான வடிவத்தையே பரிந்துரைப்பேன்.

இரண்டு மென்பொருள்களும் கைவிட்ட படம் ஒன்று உண்டு. ஓர் அருவி. அதில் நீர் அசைவதற்குப் புள்ளிகள் நகர்வதில்லை. வண்ணப் பட்டியலில் எட்டு நீலங்கள் வட்டமாக இடம் மாறுவதால் நீர் விழுவது போலத் தோன்றுகிறது. அந்தச் சுழற்சிக் குறிப்பு மூலக் கோப்பில் இருக்கிறது, ஆனால் இன்றைய பட வடிவமான பி.என்.ஜி. ஆக மாற்றும்போது தங்குவதில்லை. கிம்பில் அது உறைந்த அருவி. ஆகவே எல்லா மூலக் கோப்புகளையும் மாற்றிய படங்களோடு சேர்த்தே பத்திரப்படுத்தினேன். அருவியை மட்டும் அமிகாவைப் போலவே இயங்கும் வின்யூஏஇ மென்பொருளில், டீலக்ஸ் பெயின்டுக்குள்ளேயே திறந்தேன். அங்கே 'டேப்' விசையை அழுத்தியதும் தண்ணீர் விழத் தொடங்கியது.