கழிமுக நீரைக் கணிக்க எந்த மாதிரி? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

வயலில் போட்ட உரமும் நகரத்துக் கழிவுநீரும் ஆற்றோடு வந்து கழிமுகத்தில் சேரும்போது, அவற்றில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குத் தீனியாகின்றன. பாசி பெருகி, செத்து, அடியில் படிந்து மட்கும்போது அங்குள்ள ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்கிறது. மேலே மிதக்கும் நன்னீரும் கீழே கிடக்கும் உப்புநீரும் கோடையில் எளிதில் கலப்பதில்லை. அதனால் புது ஆக்ஸிஜன் கீழே இறங்க வழியில்லை. அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் ஓடிவிடும். ஓட முடியாத சிப்பிகள் அங்கேயே சாகும்.

எவ்வளவு நைட்ரஜனைக் குறைத்தால் இது நிற்கும்? இதற்கு விடை சொல்ல மூன்று வகைக் கணிப்பு மாதிரிகள் போட்டியில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, புள்ளிவிவர வழி. பல ஆண்டு அளவீடுகளை வைத்து, இவ்வளவு நைட்ரஜன் வந்தால் இவ்வளவு குளோரோபில் (தண்ணீரில் பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சையம்) இருக்கும் என்று ஓர் உறவைக் கண்டுபிடிப்பது. பார்க்க எளிமையாக இருக்கிறது என்பதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது. புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் இப்படித்தான் இலக்கு வகுத்தார்கள். கடற்புல் வளர மேற்பரப்பு வெளிச்சத்தில் 20.5 சதவீதமாவது அடிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குக் குளோரோபில் எவ்வளவு இருக்கலாம், அந்தக் குளோரோபிலுக்கு நைட்ரஜன் எவ்வளவு வரலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். 1950 அளவை ஒட்டிய 38,000 ஏக்கர் கடற்புல் இலக்கு. 2014 அளவீட்டில் பரப்பு 40,000 ஏக்கரைத் தாண்டியது. இந்த வெற்றியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு படியையும் ஊர்க்காரர் யாரும் புரிந்துகொள்ள முடிந்தது, அதனால் எல்லோரும் ஒரே இலக்கை நம்பினார்கள்.

ஆனால் 2016-க்குப் பின் அதே விரிகுடாவில் கடற்புல் மறுபடி சுருங்கியது. பழைய டாம்பா விரிகுடா எனப்படும் மேல்பகுதியில், சாலைப் பாலங்களுக்கான மண்மேடுகள் நீரோட்டத்தைத் தடுக்கும் இடத்தில், ஒருவகைச் சுழல்பாசி கோடைதோறும் பூத்தது. மொத்த விரிகுடாவுக்கும் போடப்படும் ஒரு சராசரி உறவு, ஒரு மூலையில் தேங்கும் தண்ணீரைப் பற்றிப் பேசாது. கடந்த காலத்தில் காணாத நிலை வரும்போதும் அது வழிகாட்டாது.

இரண்டாவது, செயல்முறை மாதிரி. இதன் வேர் 1925-இல் ஒஹையோ ஆற்றுக்காக ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதிய ஆக்ஸிஜன் சமன்பாட்டில் இருக்கிறது. இன்று கழிமுகத்தையே ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓதம், உப்பு, பாசி, வண்டல் எல்லாவற்றையும் கணினியில் ஓட்டுகிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் செசபீக் விரிகுடாதான் இதன் பெரிய உதாரணம். அங்கு வளிமண்டல மாதிரி, 6 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அடங்கிய வடிநில மாதிரி, விரிகுடா மாதிரி என ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். அதன் துணையோடு 2010 டிசம்பரில் ஆண்டுக்கு நைட்ரஜன் 18.59 கோடி பவுண்டு, பாஸ்பரஸ் 1.25 கோடி பவுண்டு என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

இந்த வழியின் பலம், 'எங்கே?' என்ற கேள்விக்கு அது சொல்லும் பதில். எந்த ஆற்றில் குறைத்தால் ஆழப் பகுதிக்கு அதிகப் பயன், கால்வாயை ஆழப்படுத்தினால் உப்பு எவ்வளவு உள்ளே வரும் என்றெல்லாம் வேறு எதனாலும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது. வண்டலின் நினைவையும் இதுதான் பிடிக்கிறது. பல ஆண்டுகளாகப் படிந்த பாஸ்பரஸ், ஆக்ஸிஜன் தீர்ந்தவுடன் மேலே வரும். அதனால் இன்று உரத்தைக் குறைத்தாலும் தண்ணீர் நாளையே தெளியாது.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பாசி வளரும் வேகம், இறக்கும் வேகம், மூழ்கும் வேகம் எனப் பல எண்களைத் திருத்தித் திருத்தி அளவீட்டோடு ஒத்துவரச் செய்ய வேண்டும். வெவ்வேறு எண்தொகுப்புகள் ஒரே வளைவைத் தரலாம், எது உண்மை என்று வளைவைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் ஓர் அனுமானம் தவறினாலும் சிக்கல்தான். செசபீக் திட்டத்தில், விரிகுடாவுக்கு வரும் ஆற்றின் குறுக்கே உள்ள கானவிங்கோ அணையின் நீர்த்தேக்கம் இன்னும் பல ஆண்டுகள் வண்டலைப் பிடித்துவைக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அது ஏறக்குறைய நிரம்பிவிட்டது தெரியவந்து, இலக்குகளை மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, நிகழ்தகவு வழி, அதாவது பேயஸ் வலை. நைட்ரஜன், நீர்வரத்து, குளோரோபில், அடித்தண்ணீர் ஆக்ஸிஜன், சிப்பிகள், மீன் இறப்பு ஆகியவற்றைக் காரண அம்புகளால் இணைத்து, ஒவ்வொரு அம்புக்கும் அளவீட்டிலிருந்தோ நிபுணர் மதிப்பீட்டிலிருந்தோ ஒரு வாய்ப்பு தருகிறார்கள். விடையும் வாய்ப்பாகவே வரும். வட கரோலினாவின் நியூஸ் ஆற்றுக் கழிமுகத்துக்கு இப்படி ஒரு வலை உருவானது. லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் குளோரோபில் என்ற வரம்பை அளக்க எடுக்கும் 10 நீர்மாதிரிகளில் ஒன்றுக்கு மேல் மீறக் கூடாது என்பது அங்குள்ள விதி. அந்த விதியே வாய்ப்பின் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதற்கு இந்த வழி அழகாகப் பொருந்துகிறது.

அதே நியூஸில் செயல்முறை வகையில் ஓர் இருபரிமாண மாதிரியும் ஒரு முப்பரிமாண மாதிரியும் இதனோடு சேர்ந்தே உருவாகின. மூன்றும் ஒரே அளவீட்டோடு ஒப்பிடப்பட்டன. குளோரோபிலை எதுவுமே சிறப்பாகக் கணிக்கவில்லை. கூடுதல் நுணுக்கம் கூடுதல் துல்லியத்தைத் தரவில்லை. இத்துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பாடம் இது. வண்ண வண்ணப் படம் காட்டும் முப்பரிமாண மாதிரியைப் பார்த்ததும் நாம் நம்பிவிடுகிறோம். படத்தின் அழகு கணிப்பின் தரத்துக்குச் சாட்சி ஆகாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பத்து ஆண்டு அளவீடு கையில் இருந்து, தண்ணீர் ஓரளவு நன்றாகக் கலக்கும் கழிமுகம் என்றால் புள்ளிவிவர வழியிலிருந்தே தொடங்குவேன். எந்தக் கழிவுநீர் நிலையத்தை முதலில் மேம்படுத்துவது, எந்தக் கால்வாயைத் தோண்டுவது என்ற கேள்வி வந்தால் செயல்முறை மாதிரி வேண்டும், அதற்குரிய பணமும் ஆளும் இருக்க வேண்டும். விதி மீறப்படும் ஆபத்து எவ்வளவு என்று முடிவெடுப்பவர் கேட்டால் பேயஸ் வலை. முடிந்தால் இரண்டை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் தைரியமாக நடக்கலாம்.

எந்த மாதிரியாக இருந்தாலும், அதைத் திருத்தப் பயன்படுத்தாத ஓர் ஆண்டின் அளவீட்டை முன்னால் வைத்து, அதற்கு என்ன சொல்கிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த ஆண்டாகவோ வறண்ட ஆண்டாகவோ இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்ற நிலை வந்தால், கணினிக்கு முன்னால் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவிக்கே அதைக் கொடுங்கள். அந்த அளவீடு இல்லாமல் மூன்று மாதிரிகளில் எதையும் சோதிக்க வழியில்லை.