ஆவுளியா அழகு, அடிவயிறு மோசம்

மண்டபத்தில் வடகடல் பக்கம், ஒரு தங்கும் விடுதி வாசலில் நிற்கிறது இந்த எட்டடி ஆவுளியா, அதாவது கடற்பசுச் சிலை. பைக் செயின், பல்சக்கரம், லாரிப் பட்டை, அறுந்த வலை என்று உடம்பு முழுக்கக் காயலாங்கடைச் சரக்கு.

உருவத்தில் குறை சொல்ல இடமில்லை. கடற்புல் மேய்வதற்காகக் கீழே மடங்கிய மூஞ்சி, துடுப்பில்லாத முதுகு, நடுவில் பிளந்த வால், மூன்றும் சரி. அமெரிக்கக் கடற்பசுவின் படத்தைப் பார்த்து விசிறி மாதிரி வட்ட வால் வைத்துவிடுகிறவர்கள் உண்டு; இந்தப் பட்டறை ஏமாறவில்லை. செயினை வரிசையாக வளைத்துத் தோல் மடிப்பைக் கொண்டுவந்தது தேர்ந்த கை.

இனி குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். செயினை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தியிருக்கிறார்கள். இடையிலுள்ள இடுக்கில் பெயிண்ட் நுழையாது, உப்பு ஈரம் நுழையும். முதுகில் படியும் உப்பையாவது மழை கழுவிவிடும். வயிற்றை மழை தொடுவதே இல்லை. துரு அங்கேதான் கிளம்பியிருக்கிறது. உள்கூட்டுக் குழாய்களில் தண்ணீர் வடிய வழியில்லை. தாழ்ந்த இடங்களில் 10 மி.மீ. ஓட்டை போட்டிருக்கலாம், அல்லது சுற்றிலும் முழு வெல்டிங்கில் அடைத்திருக்கலாம்.

கழுத்தில் பெயிண்ட் கொப்புளித்ததற்குக் காரணம் கிரீஸ். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே பிரைமர் தொட வேண்டும். வால் நுனியில் ஒரு பல்சக்கரம் ஆடுகிறது. அது கார்பன் அதிகமுள்ள எஃகு. சூடேற்றாமல் சாதாரண ராடில் பற்றவைத்தால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். முன்சூடும், ஹைட்ரஜன் குறைந்த 7018 ராடும் கேட்டு வாங்க வேண்டியவை. கண்ணுக்கு வைத்த எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு வகை) உருண்டையில் பழுப்புக் கறை. கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316தான் லாயக்கு.

பூச்சு, ரெட் ஆக்சைடு மேல் எனாமல். வீட்டு கேட்டுக்குப் போதும். பக்கத்திலேயே, 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற நீடித்து உழைக்கும் பெயிண்டைப் பூசியிருக்கிறார்கள். சிலைக்கு அவ்வளவு வேண்டாம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, பிளாஸ்டிங்கில் (மணல் போன்ற துகளை வேகமாக வீசிச் சுரண்டுவது) துருவை எடுத்து, அன்றே துத்தநாக எபாக்சி பிரைமர். அதன்மேல் எபாக்சி, கடைசியில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். மொத்தத் தடிமன் 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.

வயிற்றில் சுற்றிய வலைதான் பெரிய உறுத்தல். நைலான் வெயிலில் நொறுங்கி, இழை இழையாகக் கடலுக்கே திரும்பும். இதே பாக் விரிகுடாவில், வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம், 448 சதுர கி.மீ. கடற்பசுக் காப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆவுளியா மாட்டிச் சாவதும் இதே மாதிரி வலையில்தான்.

விலை கிலோக் கணக்கு, பெயிண்ட் தனி. உருவ வேலையை இந்தப் பட்டறைக்கே கொடுக்கலாம்; பூச்சை வேறு ஆளிடம் விடுங்கள். பெயிண்ட் ஏறுமுன் சிலையைக் கவிழ்த்து வயிற்று வெல்டிங்கைப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.