உமி பாய்லருக்கு ஒரு தடிமன் மீட்டர்: வருடக்கணக்கில் பயன்படுத்திய அனுபவம்

காங்கேயம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் பாய்லர், ஆவிக் குழாய், டிரையர் பராமரிப்பு என் பொறுப்பு. 2019இல் ஒரு அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வாங்கினோம். பார்க்க மல்டிமீட்டர் மாதிரி இருக்கும், வயரின் முனையில் ஒரு புரோப். இரும்பை வெட்டாமல், துளைக்காமல், ஒரு பக்கத்திலிருந்தே இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். "நாங்களும் வாங்கலாமா?" என்று மற்ற மில்காரர்கள் கேட்பதால் பட்டதை எழுதுகிறேன்.

உமி எரிக்கிற இடத்தில் இதற்கு வேலை அதிகம். எரித்த உமியில் எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி, பெரும்பாலும் 85 சதவீதத்துக்கு மேல், சிலிக்கா. புகையோடு வேகமாகப் போகும்போது அது வழியிலுள்ள இரும்பையெல்லாம் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துக்கொண்டே போகும். ஃபர்னஸின் சுவராக நிற்கும் பேனல் குழாய்கள், புகை போகும் டக்ட் வளைவின் வெளிப்பக்கம், புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோனின் கூம்பு, புகையை இழுத்துத் தள்ளும் ஐடி ஃபேனின் இறக்கை, எதையும் விடாது. ஓடுகிற ஆலையில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் குழாய் பொத்துக்கொள்ளும். பாய்லரை அணைத்தால் ஊறல் தொட்டியில் கிடக்கிற நெல் காத்திருக்காது, புளித்து வாடை அடிக்கும். குழாய் மாற்றும் செலவைவிட அந்த நெல்லின் நஷ்டம் பெரிது.

கருவியின் கணக்கு எளிது. சாதாரண இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,920 மீட்டர் ஓடும். புரோப் அனுப்பிய ஒலி மறுபக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மீட்டர் தடிமனைக் காட்டும். எல்லாத் தவறும் இந்த எளிமைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலாவது பெயிண்ட். பெயிண்டுக்குள் ஒலியின் வேகம் இரும்பில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதனால் 0.2 மி.மீ. பெயிண்டை மீட்டர் அரை மி.மீ. இரும்பாக நினைத்துக்கொள்ளும். 3.66 மி.மீ. குழாயில் அரை மி.மீ. என்பது பல வருடத் தேய்மானம். ஆகவே வயர் பிரஷ் போட்டுப் பளபளப்பு வரும்வரை சுரண்டிவிட்டுத்தான் புரோப் வைக்க வேண்டும். பெயிண்டைத் தள்ளிவிட்டு இரும்பை மட்டும் அளக்கிற எக்கோ-எக்கோ வசதி விலை கூடின மீட்டர்களில் உண்டு. எங்களிடம் அது இல்லை.

அடுத்து சூடு. இரும்பு சூடாகச் சூடாக அதில் ஒலி மெதுவாகும், 55 டிகிரிக்கு ஏறக்குறைய 1 சதவீதம். மீட்டர் அதைத் தடிமன் கூடினதாகக் காட்டும். 10 கிலோ பிரஷரில் ஆவி 184 டிகிரியில் இருக்கும். அந்தக் குழாயில் வைத்தால் சுமார் 0.1 மி.மீ. சும்மாவே கூடும். அதற்கு முன்னால் சாதாரண புரோப்பே வெந்துவிடும், அது 50, 60 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் ஆவி லைனை ஓட்டத்தில் அளப்பதை விட்டுவிட்டோம். ஷட் டவுனில் ஆறவிட்டு அளக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையான பயம் தருவது. சுவர் மிகவும் மெலிந்து 1 மி.மீ. அருகே வந்தால் மீட்டர் சில நேரம் முதல் எதிரொலியை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். 1 இருக்கிற இடத்தில் 2 என்று காட்டும். பொத்துக்கொள்ளப்போகிற இடத்துக்கே நல்ல மார்க் போட்டுவிடும் என்று அர்த்தம். சுற்றிலும் 1.6, 1.4 என்று குறைந்துகொண்டே வந்து நடுவில் திடீரென்று 2.2 என்றால் நம்பவே கூடாது. ஒரு புள்ளியில் வைத்து எடுத்துவிடாமல் புரோப்பை மெதுவாக நகர்த்திக்கொண்டே எண்ணின் போக்கைப் பார்க்க வேண்டும். வளைந்த குழாயில் புரோப்பை 90 டிகிரி திருப்பி வைத்து இரண்டு முறை எடுத்து, குறைந்ததைத்தான் எழுத வேண்டும்.

சரி, இத்தனை குறையோடு இது எதற்கு? ஒரு தடவை அளந்த எண் தனியாக நின்றால் பெரிய பிரயோஜனமில்லை. அதே இடத்தை அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் அளந்து வரிசையாக வைத்தால்தான் மீட்டர் வாங்கிய காசு திரும்பும். ஃபர்னஸுக்குள் பெயிண்ட் மார்க்கர் கோடு நிற்காது, பிரஷர் குழாயில் பஞ்ச் அடிக்கவும் கூடாது. எனவே ஹெடரிலிருந்து (குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாய்) டேப் வைத்து அளந்த தூரம், குழாயின் வரிசை எண், கடிகார முள் கணக்கில் எந்தப் பக்கம் என்று மூன்றையும் நோட்டில் எழுதுகிறோம். பாய்லர் சர்டிபிகேட்டுக்காக வருடாந்தர இன்ஸ்பெக்ஷன் எப்படியும் வரும். 1923ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆற வைத்துத் திறந்திருக்கிற அந்த நாட்களில்தான் எங்கள் அளவும் நடக்கும். எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பதைப் பாய்லர் செய்தவரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், மீட்டர் அதைச் சொல்லாது.

நாங்கள் எதிர்பார்க்காத பலன் கிடைத்தது பாய்லரில் அல்ல, டிரையரிலிருந்து தண்ணீர் திரும்பிவரும் கண்டன்சேட் லைனில். வெளியே பார்த்தால் புதுக் குழாய் மாதிரி இருந்தது. மேல்பக்கம் அளவு கிட்டத்தட்ட புதிதுக்குச் சமம், அடிப்பக்கம் அதில் பாதிதான். காரணம் எங்கள் போர் தண்ணீர். சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் எடுக்கும், பைகார்பனேட் அப்படியே பாய்லருக்குள் போகும். அங்கே சூட்டில் உடைந்து கார்பன் டை ஆக்சைடாக ஆவியோடு கிளம்பி, ஆவி தண்ணீராகும் இடத்தில் கரைந்து அமிலமாகிவிடும். அந்தத் தண்ணீர் குழாயின் அடியில் ஓடுவதால் அங்கேயே வாய்க்கால் வெட்டுகிறது. குழாயை மட்டும் மாற்றினால் திரும்ப அதே கதைதான் என்பதால் தண்ணீர் மருந்தையும் மாற்றினோம். கண்ணாடிக் கம்பளிக்குள் மூடிக்கிடக்கும் ஆவிக் குழாயையும் இப்படிப் பார்க்க வேண்டும், மேலே போட்ட அலுமினியத் தகடு கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கிய இடங்களை முதலில்.

இனி வாங்குகிறவர்களுக்கு. 0.1 மி.மீ. படியில் காட்டுகிற மலிவு மீட்டர் டக்ட், சைக்ளோன், டேங்குக்குப் போதும். பாய்லர் குழாயின் வருடத் தேய்மானத்தைப் பிடிக்க 0.01 படி வேண்டும். கூடவே மீட்டரைச் சரிபார்க்க ஒரு ஸ்டெப் பிளாக் (தடிமன் தெரிந்த படிகள் வெட்டிய இரும்புக் கட்டை) வாங்கிக்கொள்ளுங்கள், மீட்டரின் மேல் இருக்கிற ஒற்றை வட்டத் தகட்டில் சைபர் பார்த்தால் மட்டும் போதாது. ஊறல் தொட்டி ஸ்டெயின்லெஸ் என்றால் ஒலி வேகத்தை மாற்றிவைக்க மறக்கக் கூடாது. வார்ப்பிரும்பு பம்ப் பாடியில் இதை நம்ப வேண்டாம். ஒலி இரும்புக்குள் இறங்க புரோப்புக்கு அடியில் தடவும் ஜெல் செங்குத்துக் குழாயில் வழிந்துவிடும், அங்கே கிரீஸ் பரவாயில்லை. முதலில் சாவது புரோப்பும் வயரின் ஜாயிண்டும்தான். சொரசொரப்பான இரும்பில் இழுத்தால் புரோப்பின் முகம் தேய்ந்து எண் தாவ ஆரம்பிக்கும், ஒன்று ஸ்பேர் இருப்பது நல்லது. அப்புறம், வருடம் முழுக்கப் பெட்டியில் தூங்கும் கருவி என்பதால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

புகைக் குழாய்களின் நடுப்பகுதி மட்டும் இன்னும் எங்களுக்கு எட்டாத இடம். புகை உள்ளே போய் உள்ளேயே தேய்க்கிறது, வெளியே தண்ணீர் சூழ்ந்திருக்கிறது, கை நுழைகிற தூரம் வரைதான் எங்கள் புரோப் போகும். வாய்ப்பக்கம் மட்டும் அளந்துவிட்டு மீதிக்கு வெளியிலிருந்து டெஸ்டிங் ஆட்களைக் கூப்பிடுகிறோம்.